பிறந்த மண்ணும் குடியுரிமையும்

(நீலமலை மாவட்டம், உதகை – காந்தலில் தமிழன்பர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்க ஒன்றிய நாட்டில் 2025-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 20-ஆம் நாள், தொனால்டு திரம்பு இரண்டாம் முறையாகக் குடியரசுத் தலைவர் பொறுப்பேற்ற அன்றே, ஓர் ஆணையில் கையொப்பமிட்டார். முறையான இசைவின்றி அந்நாட்டில் வாழும் தாய்க்கோ, குறுங்கால நுழைவிசைவு பெற்று வந்து வாழும் தாய்க்கோ ஒரு குழந்தை பிறந்தால், அதன் தந்தை அந்நாட்டுக் குடிமகனாகவோ நிலையாகத் தங்கும் உரிமை பெற்றவனாகவோ இல்லாதவிடத்து, அம்மண்ணில் பிறந்தமையால் மட்டும் அக்குழந்தை அமெரிக்கக் குடியாகாது என்பதே அவ்வாணையின் பிழிவு.

ஆணை வந்ததும் தமிழ்நாட்டிலும் சிலர் கைதட்டினர். கைதட்டியவருள் தமிழ்த் தேசிய உணர்வினரும் உளர். இவ்வுரைக்கு அதுவே காரணம். உலகின் முதல் வல்லரசே தன் மண்ணுக்கு வேலி கட்டிக்கொள்கின்றது, தமிழன் ஒருவன்தான் கதவில்லா வீட்டில் உறங்குகின்றான் என்பது அவர்தம் பேச்சு. அப்பேச்சில் பாதி உண்மை, மறுபாதி நஞ்சு. எது உண்மை, எது நஞ்சு என்று பிரித்துக் காட்டுவதற்கு இந்நீலமலையினும் தக்க இடம் தமிழகத்தில் வேறில்லை. ஏனெனில், இத்தகைய சட்டத்தால் அடிபட்டு வந்த மக்கள் இம்மலைச் சரிவுகளில்தான் கூடை சுமந்து கொழுந்து பறித்து வாழ்ந்தனர். அவர்தம் மக்களும் பேரரும் இன்றும் வாழ்கின்றனர்.

முதற்கண் அமெரிக்க மரபு பேணுவோரின் வாதத்தை நேர்மையாகக் கேட்போம். தூய தமிழ் இயக்கமும் ஒருவகையில் மரபு பேணும் இயக்கமே. ஆதலின் மரபு பேணுவோரை எள்ளி நகையாடுதல் நமக்குத் தகாது. அவர் சொல்வது இது: ஒரு நாடு என்பது வெறும் நிலப்பரப்பன்று; அஃது ஒரு மக்கட் கூட்டத்தின் உடன்பாடு. யாரைத் தம்முள் ஒருவராகச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் உரிமை அக்கூட்டத்துக்கே உண்டு. சட்டத்தை மீறி உள்ளே வந்தவர், அம்மீறலாலேயே தம் பிள்ளைக்குக் குடியுரிமை தேடித்தர முடியுமாயின், உடன்பாடு என்ற சொல்லுக்குப் பொருளில்லை. இவ்வாதம் நேற்று முளைத்ததன்று. 1985-இலேயே பீட்டர் சக், ரோசர்சு சுமித்து என்ற இரு பேராசிரியர்கள் உடன்பாடின்றிக் குடியுரிமை உண்டாகலாகாது என்று ஒரு நூல் எழுதினர். ஆனால், அவ்வறிஞர்கள் மாற்றத்தைச் சட்டமன்றத்தின் வழியாக எதிர்நோக்கினர். ஒருவரின் எழுதுகோல் முனையில் எதிர்நோக்கவில்லை.

வாதம் வலிவுடையதே. ஆயினும் அந்நாட்டு அரசியலமைப்பு என்ன சொல்கின்றது என்பதையும் காணவேண்டும். 1857-இல் அந்நாட்டு உச்ச நயன்மன்றம், கறுப்பின மக்கள் அம்மண்ணில் பிறந்திருந்தாலும் குடிகளாகார் என்று தீர்ப்புரைத்தது. உள்நாட்டுப் போர் மூண்டது, அடிமைத்தளை அறுந்தது. அப்பழந்தீர்ப்பைப் புதைப்பதற்கென்றே 1868 சூலையில் 14-ஆம் திருத்தம் நிறைவேறியது. அந்நாட்டில் பிறந்து அதன் ஆளுகைக்கு உட்பட்டவர் அனைவரும் குடிகளே என்று அது கூறிற்று. 1866-இல் அதன்மேல் நடந்த சொற்போரில், பென்சில்வேனியாவின் உறுப்பினர் கோவன் என்பார், சீனர் பிள்ளைகளும் இதனால் குடிகளாகிவிடுவரோ என்று வினவினார். கலிபோர்னியாவின் உறுப்பினர் கோனசு, ஆம், ஆவர் என்றே விடையிறுத்தார். தெரிந்தே எழுதிய சட்டம் அது.

இன்று வழக்கெல்லாம் “ஆளுகைக்கு உட்பட்டவர்” என்ற தொடரின்மேல்தான் நடக்கின்றது. தொல்காப்பிய நூற்பா ஒன்றுக்கு இளம்பூரணர் ஒன்றும் சேனாவரையர் ஒன்றும் நச்சினார்க்கினியர் பிறிதொன்றும் உரைப்பதைப் பயின்றவர்க்கு இத்தகைய பூசல் புதிதன்று. ஆயினும் உரையாசிரியன் கடமை ஒன்று உண்டு. சொல் வெளிப்படையாகப் பொருள் தரும்போது, தனக்கு வேண்டிய பொருளை அதன் வாயில் திணித்தலாகாது. அயல்நாட்டுத் தூதுவர் பிள்ளைகளும், படையெடுத்து வந்த பகைவர் பிள்ளைகளும் அந்நாட்டு ஆளுகைக்கு உட்படாதவர் என்பது விளங்கும். வேலை செய்து வரி கட்டுபவனும், குற்றஞ்செய்தால் அந்நாட்டுச் சிறையில் கிடப்பவனும் அதன் ஆளுகைக்கு உட்படாதவன் என்றால் யாங்ஙனம்? தண்டிக்கும்போது உட்பட்டவன், உரிமை கேட்கும்போது உட்படாதவன் என்பது உரையன்று, சூழ்ச்சி.

அந்நாட்டு நயன்மன்றமே இதனை முன்னரே தெளிவுபடுத்தியது. சீனப் பெற்றோர்க்குச் சான்பிரான்சிசுக்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க்கு என்பவர், சீனம் சென்று 1895-இல் திரும்பியபோது, நீ குடியல்லை என்று துறையிலேயே தடுக்கப்பட்டார். சீனரை உள்ளே விடாத சட்டம் 1882 முதல் நடப்பிலிருந்த காலம் அது. அவர்தம் பெற்றோர் விரும்பினாலும் குடியுரிமை பெற வழியில்லை. அவ்வளவு வெறுப்புச் சூழ்ந்த காலத்திலும், 1898-இல், அவர் பிறப்பால் குடியே என்று தீர்ப்பாயிற்று. ஆனால், அம்மண்ணின் தொல்குடிகளோ தம் குடிக்குழுவைச் சார்ந்தவர் என்று காட்டப்பட்டு 1884-இல் விலக்கப்பட்டனர். 1924-இல்தான் அவர் அனைவர்க்கும் குடியுரிமை வந்தது. மண்ணின் முதல் மக்கள் கடைசியில் குடிகளானது அந்நாட்டு வரலாற்றின் கொடிய நகைச்சுவை.

2025-ஆம் ஆண்டு ஆணையைக் கீழ்மன்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுத்தன. சூன் 27-இல் உச்ச நயன்மன்றம், நாடு முழுமைக்கும் தடைவிதிக்கும் கீழ்மன்றங்களின் வல்லமையைச் சுருக்கியது. ஆணை செல்லுமா செல்லாதா என்பதை அப்போது தொடவில்லை. சூலையில் நியூ ஆம்ப்சயர் மன்றம், பிறக்கும் குழந்தைகளை ஒரு தொகுதியாகக் கொண்டு மீண்டும் தடைவிதித்தது. திசம்பரில் உச்ச நயன்மன்றம் அவ்வினாவையே உசாவ இசைந்தது. அமெரிக்கர் தம் முடிவை அமெரிக்கர் முறையில் காண்பர். தமிழர்க்கு அதில் கவலை இல்லாமல் இல்லை. கணிப்பொறிப் பணிக்குச் சென்ற தமிழ் இணையர் பலர் அங்கே குறுங்கால இசைவில்தான் வாழ்கின்றனர். நிலையான இசைவுக்குப் பன்னெடுங்காலம் காத்துக்கிடக்கின்றனர். அவர்க்குப் பிறக்கும் குழந்தையும் அவ்வாணையின் வலைக்குள் விழும். கைதட்டியவருள் எத்தனை பேர் வீட்டில் அத்தகைய பேரக்குழந்தை உண்டோ!

இவ்வளவும் அயல்நாட்டுச் செய்தி. இதே வாதம் எழுபத்தேழு ஆண்டுகட்கு முன்பே தமிழர்மேல் பாய்ந்தது என்பதுதான் காந்தலில் பேசவேண்டிய செய்தி.

குளம்பித் தோட்டம் போட வெள்ளையன் ஆள் தேடியபோது, மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பகுதிகளிலிருந்து வறுமையால் விரட்டப்பட்ட நம் மக்கள் கங்காணியின் பின்னே சென்றனர். மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைவரை காட்டுவழி நடந்தனர். நடந்தவருள் வழியிலேயே மாண்டவர் பலர். 1869-இல் குளம்பிச் செடியை நோய் பற்றிற்று. பின் தேயிலை வந்தது. அம்மலைகளைத் திருத்தி, வழியமைத்து, தொடர்வண்டித் தடமிட்டு, ஒரு நாட்டின் கருவூலத்தையே தம் முதுகில் சுமந்தவர் அவர். பத்தடி லயக் காம்பராவில் பிறந்து, அங்கேயே மணந்து, அத்தேயிலைத் தூரிலேயே புதைந்தனர். தலைமுறை இரண்டாயிற்று, மூன்றாயிற்று.

1947-இல் நடந்த தேர்தலில் அவர்தம் வாக்கால் இலங்கை இந்தியக் காங்கிரசினர் எழுவர் நாடாளுமன்றம் சென்றனர். மலைநாட்டின் வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் அவ்வாக்குத் துணைநின்றது. அதுவே அவர் செய்த குற்றம். 1948 பிப்பிரவரியில் விடுதலை பெற்ற நாடு, அவ்வாண்டு முடியுமுன்பே குடியுரிமைச் சட்டம் ஒன்றைக் கொணர்ந்தது. அங்குப் பிறந்தால் போதாது. தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தவர் என்றோ காட்டவேண்டும். கங்காணியின் பேரேட்டில் எண்ணாக மட்டும் இருந்த மக்கள் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவர்? வந்துபோகும் கூலிகள், இவர்தம் பற்று இந்தியாவின்பால் என்பது சேனநாயகா அரசு காட்டிய காரணம். குறுங்காலத்துக்கு வந்தவர் என்ற அதே சொல்! ஏறத்தாழ ஏழு இலக்கம் தமிழர் ஒரே சட்டத்தால் நாடற்றவராயினர். 1949-இல் அவர்தம் வாக்குரிமையும் பறிபோயிற்று. அதே ஆண்டு வந்த மற்றொரு சட்டத்தின்படி எட்டு இலக்கத்துக்கு மேற்பட்டோர்க்காக விண்ணப்பம் போடப்பட்டது. தேறியவர் ஒரு இலக்கத்து 34 ஆயிரம் பேரே.

ஈண்டு ஒரு கசப்பான செய்தியை மறைத்தலாகாது. தமிழ்க் காங்கிரசுத் தலைவர் பொன்னம்பலம் அவ்வரசில் அமைச்சரானார். யாழ்ப்பாணத்தார் சிலர், இது தோட்டக்காட்டார் சிக்கல், நமக்கென்ன என்றிருந்தனர். அன்று எழுந்து நின்றவர் தந்தை செல்வா. தோட்டத் தமிழனின் குடியுரிமையைப் பறிக்கும் கை நாளை ஏனைத் தமிழனின் மொழியுரிமையையும் பறிக்கும் என்று கண்டு, கட்சியைவிட்டு வெளியேறி, 1949 திசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தபோது அவர் கண்டது கண்முன் நின்றது. எண்ணிக்கை குறைந்தது, நாடாளுமன்றத்தில் தமிழர் வலிமை குறைந்தது, பின்னர் நடந்தவை யாவரும் அறிந்தவை.

1964 அக்தோபர் 30-இல் சிறிமாவோவும் இலால் பகதூர் சாத்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். 9 இலக்கத்து 75 ஆயிரம் பேர் கணக்கு. 5 இலக்கத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு; 3 இலக்கம் பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1 இலக்கத்து 50 ஆயிரம் பேரைப் பின்னர்ப் பார்ப்போம் என்று வைத்து, 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டனர். ஆட்டுச் சந்தையில்கூட ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பான் வாங்குபவன். இம்மக்களை ஒரு சொல் கேட்டவர் இல்லை. தாய் ஒரு பட்டியலில், மணமான மகள் மற்றொரு பட்டியலில் என்று குடும்பங்கள் பிளந்தன. பிள்ளைப் பெருக்கத்தையும் சேர்த்து நான்கு இலக்கத்துக்கு மேற்பட்டோர், தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, தாம் கண்டறியாத தாய்நாட்டுக்குத் திரும்பினர். திரும்பியோர் என்று அரசு பெயரிட்டது. பிறவாத ஊருக்குத் திரும்புவது எங்ஙனம் என்று சொல்லாராய்ச்சி செய்வோர்தாம் கூறவேண்டும்.

அவருள் பலர் இந்நீலமலைக்கு வந்தனர். அவர்க்கென 1968-இல் காட்டுத்துறையின் திட்டமாகத் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டம், 1976-இல் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட கழகமாயிற்று. டான்டீ என்று வழங்குகின்றோமே, அதுதான். கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி, கோத்தகிரிப் பக்கங்களில் காடு திருத்திச் செடி நட்டவர் அவரே. அங்கே அவர்க்கு இந்தியாக்காரன் என்று பெயர். இங்கே வந்தபின் சிலோன்காரன் என்று பெயர். இரண்டு நாடும் மற்ற நாட்டின் பெயராலேயே அவரை அழைத்தன. 2022-இல் அத்தோட்டங்களில் 2,152 எக்டேர் நிலத்தைக் காட்டுத்துறைக்குத் திருப்பித்தர அரசு ஆணையிட்டபோது, மீண்டும் ஒருமுறை எங்கே போவது என்ற கேள்வி லயங்களில் எழுந்தது.

இனி இம்மலையையே எடுத்துக்கொள்வோம். தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் படகரும் வாழ்ந்த இம்மலைக்கு, 1819-இல் சல்லிவன் துரை ஏறி வந்தபின்தான் உதகை என்ற நகரம் உருவாயிற்று. சந்தைக்கும் சாலைக்கும் கட்டடத்துக்கும் தோட்டத்துக்கும் கீழ்நாட்டுத் தமிழர் ஏறி வந்தனர். தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இம்மலையில் பிறந்த சான்றைக் கொண்டுவா என்று ஒருவன் வாயிலில் வந்து நின்றால், காந்தலில் எத்தனை வீடுகள் தேறும்? கைதட்டுவோர் இதனை எண்ணிப் பார்த்துக் கைதட்டுக.

திரம்பு ஓர் ஆணையால் செய்ய முனைந்ததைத் தில்லி ஆரவாரமின்றி இரண்டு திருத்தங்களால் செய்து முடித்துவிட்டது என்பதையும் பலர் அறியார். 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மண்ணில் பிறந்தவர் இந்தியக் குடிகள். 1987 சூலை முதல் நாளுக்குப்பின் பிறந்தால், பெற்றோருள் ஒருவரேனும் குடியாதல் வேண்டும் என்றாயிற்று. 2004 திசம்பர் 3-க்குப்பின் பிறந்தால், ஒருவர் குடியாக இருந்தாலும் மற்றவர் முறையின்றி வந்தவராக இருத்தலாகாது என்றாயிற்று. 1983 கறுப்புச் சூலைக்குப்பின் ஈழத்திலிருந்து ஏதிலியர் படகுபடகாக வந்துகொண்டிருந்த காலத்தில்தான் முதல் திருத்தம் வந்தது. அமெரிக்காவில் இவ்வாணைக்கு எதிராக மாநிலங்களே வழக்காடின. இங்கே எந்த மன்றத்தின் படியை எவர் ஏறினர்?

இதன் விளைவைத் தமிழ்நாட்டு முகாம்களில் காணலாம். 2021-இல் 108 முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேரும், வெளியில் 34 ஆயிரம் பேரும் வாழ்ந்தனர். அவருள் பெருந்தொகையினர் மலையகத் தமிழர். அஃதாவது, 1964-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவுக்கே உரியவர் என்று எழுதப்பட்ட குடும்பத்தார் பலர் அதில் அடங்குவர். கலவரத்தில் தாள்களை இழந்து படகில் வந்தமையால் அவர் முறையின்றி வந்தவராயினர்! 2019 சூனில் சென்னை உயர் நயன்மன்றத்தின் மதுரைக் கிளை, இத்தகைய 65 பேரின் வழக்கில், அவரைக் கள்ளக்குடியேறிகளாகக் கருதாது குடியுரிமை விண்ணப்பங்களை ஆய்ந்து முடிவெடுக்க நடுவணரசுக்கு ஆணையிட்டது. அதே ஆண்டு திசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமோ, மூன்று நாடுகளைச் சுட்டி இலங்கையை விட்டுவிட்டது. 2021-இல் தமிழக அரசு முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றிற்று. பெயர் நல்ல பெயர்தான். ஒப்புநோக்குக்காக ஒன்று சொல்லவேண்டும்: எவ்வளவோ கொடுமை இழைத்த இலங்கையே, 2003-இல் சட்டமியற்றி, அங்கு எஞ்சிய நாடற்ற மலையகத் தமிழர்க்குக் குடியுரிமை வழங்கிவிட்டது.

இப்போது கைதட்டியவர் பேச்சில் உள்ள உண்மைப் பாதிக்கு வருவோம். ஓர் இனம் தன் தாயகத்தின் வாயிலைக் காக்க உரிமையுடையது. எவர் வரலாம், எத்தனை பேர் வரலாம், எந்நெறியில் வரலாம் என்று வகுப்பது வெறுப்பன்று, வீட்டுக்குடையவன் கடமை. தமிழ்நாட்டுக்கு அவ்வுரிமை இல்லாமையே நம் குறை. நடுவணரசின் பணியிடங்களிலும் தொடர்வண்டித் துறையிலும் வைப்பகங்களிலும் தமிழறியாதவர் வந்து அமர்வதைத் தடுக்க வழியில்லாமையே நம் குறை. 2025 மார்ச்சு முதல் நாள் திரம்பு ஆங்கிலத்தை அந்நாட்டின் ஆட்சிமொழி என்று ஆணையிட்டார். அந்நாட்டின் நடுவணரசு அவ்வாறு அறிவித்தது அதுவே முதன்முறை. உலகமெல்லாம் பரவிய மொழிக்கே காப்பு வேண்டியிருக்கின்றதெனில், தமிழுக்குக் காப்புக் கேட்போரைக் குறுகிய நோக்கினர் என்பவர் நா அடங்கவேண்டும். அவ்வாங்கிலமும் அந்நாட்டுக்குக் கப்பலேறி வந்ததுதான் என்பது வேறு செய்தி.

ஆனால் வாயிலைக் காப்பது வேறு; வீட்டுக்குள் பிறந்த குழந்தையை நீ யாரோ என்பது வேறு. முன்னது அரசின் கடமை. பின்னதைத் தமிழன்மேல் செய்த அரசுகள் உண்டு.

இவ்வேறுபாடு நீலமலையில் ஏட்டுச் செய்தியன்று. இன்று இத்தோட்டங்களில் கொழுந்து பறிப்பவருள் சார்கண்டு, ஒடிசா, அசாம் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர் பலர். நம் பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் சென்றுவிட்டனர். அவர்தம் லயங்களில் இவர் குடியேறியுள்ளனர். நூறாண்டுக்குமுன் கண்டிச் சீமைக்குச் சென்ற தமிழனைப் போலவே, இவரும் முகவர் ஒருவன் பின்னே வந்தவர். இவர்க்கும் கூலி குறைவு. இவர்க்கும் இவ்வூர் மொழி தெரியாது. இவரை இழிசொல்லால் அழைப்பது நம்மை அழைத்த சொல்லையே எடுத்து இவர்மேல் எறிவதாகும். இவரைக் கொண்டுவந்து கூலியைக் குறைக்கும் முதலாளியைக் கேட்பதற்கு வாயில்லாதார்க்கே இவரைத் திட்டுவதற்கு வாய் நீள்கின்றது.

அவர்தம் குழந்தைகள் இங்கே பிறக்கின்றனர், இங்கே வளர்கின்றனர். 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி, இம்மண்ணின் பள்ளியில் பயிலும் குழந்தை தமிழைக் கற்றாகவேண்டும். அச்சட்டம் அக்குழந்தையை எட்டுகின்றதா? பெற்றோர் தோட்டம் தோட்டமாக மாறும்போது பள்ளிப் பெயரேட்டில் அதன் பெயர் நிற்கின்றதா? லயத்துக்குச் சென்று அக்குழந்தையின் கையைப் பிடித்து, அ என்னும் எழுத்தை வரைவித்தவர் நம்முள் எத்தனை பேர்? இதனைச் செய்தால் பத்தாண்டில் அது தமிழ் பேசும் குடியாகும். செய்யாது விட்டால், அதே குழந்தைக்காக வேற்றுமொழிப் பள்ளி கேட்டு எவனேனும் ஒருநாள் வந்து நிற்பான். அன்று கூச்சலிட்டுப் பயனில்லை.

தமிழன்பர்கள் இம்மலையில் செய்யத்தக்கவை இரண்டு கண்முன் உள்ளன. ஒன்று, லயங்களுக்குச் சென்று, அங்குள்ள அயல்மொழிக் குழந்தைகளைத் தமிழ்ப் பள்ளியில் சேர்ப்பது. மற்றொன்று, முகாம்களில் உள்ள மலையகத் தமிழர் குடும்பங்களுக்காக, அவர்தம் உறவினராய் இங்குள்ள தோட்டங்களில் வாழ்வோரிடம் உள்ள பழைய தாள்களைத் தேடி எடுப்பது. 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி தரப்பட்ட குடும்ப அட்டை, மண்டபத்தில் முத்திரையிட்ட கடவுச்சீட்டு, தோட்டத்துப் பேரேட்டுப் படி என்று இரும்புப் பெட்டிகளின் அடியில் கிடப்பவை பல. அண்ணன் தாள் இங்கே இருக்க, தம்பி முகாமில் நாடற்றவனாக இருக்கும் நிலை உண்டு. அத்தாள்கள் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன; அவற்றைப் படித்துக் காட்டக்கூடிய முதியோரும் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர்.

2004 திசம்பருக்குப்பின் அம்முகாம்களில் ஏதிலிப் பெற்றோர்க்குப் பிறந்த குழந்தைகளுள் மூத்தோர்க்கு இப்போது பதினெட்டு அகவை கடந்துவிட்டது. தமிழ்ப் பள்ளியில் தமிழே படித்து வளர்ந்த அப்பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டின் எந்த வாக்காளர் பட்டியலிலும் இடமில்லை.